இடமாற்றி நட்ட ஐரிஸ் செடிகளில் வளர்ச்சிக் குன்றல்

ஐரிஸ் என்பது இரிடேசி குடும்பத்தைச் சேர்ந்த பூச்செடிப் பேரினம் ஆகும். இதில் ஏறத்தாழ 300 இனங்கள் உள்ளன. இவை பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் வளர்கின்றன. பூக்களின் பல நிறங்களை முன்னிட்டு, கிரேக்கப் புராணத்தில் வானவில்லுக்கு உரிய தேவதையின் பெயர் இச்செடிக்கு வழங்கப்பட்டது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது தாடி ஐரிஸ். பூவின் கீழ்நோக்கித் தொங்கும் மூன்று இதழ்களிலும் மயிர்வரிசை போன்ற ஓர் அமைப்பு இருப்பதால் இப்பெயர் வந்தது.

தாடி ஐரிஸ் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டியெடுத்துப் பிரித்து நடப்படும் செடி. அவ்வாறு செய்யாவிட்டால் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிப் பூப்பது குறையும். ஆனால் பிரித்து நட்ட செடிகளில் பல, நட்ட ஓராண்டு வரையும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாமல் நின்றுவிடுவது உண்டு. புதிய இலை வருவது அரிதாகிறது. பக்கத்துப் பாத்தியில் பழைய செடிகள் பூக்கும்போது இவை வெறும் இலையாக நிற்கின்றன. இந்நிலையே நடவுக்குப் பிந்தைய வளர்ச்சிக் குன்றல் எனப்படுகிறது.

இதில் ஒரு பகுதி நோயே அல்ல. செடி தன் இயல்புப்படி வேர்பிடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் அது. அதை நோய் என்று கருதி நீரும் உரமும் கூட்டிக் கொடுப்பவர்களே ஐரிஸ் செடிகளை அதிகமாக இழக்கிறார்கள். வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எந்தத் தோட்டக்காரருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். பெரும்பாலான செடிகளுக்கு அது சரியும்கூட. தாடி ஐரிஸுக்கு அது பல வேளைகளில் கேடாக முடிகிறது.

கிழங்கின் இயல்பு

தாடி ஐரிஸின் நிலத்தடித் தண்டு, பள்ளிப் பாடங்களில் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் சொல்லப்படும் மட்டநிலத்தண்டு வகையைச் சேர்ந்தது. பேச்சு வழக்கில் கிழங்கு என்றே சொல்லலாம். கிடைமட்டமாக வளரும் இக்கிழங்கின் ஒரு நுனியில் இலைகள் விசிறி போல் விரிந்திருக்கும். விசிறியின் நடுவிலிருந்து பூந்தண்டு ஒரே ஒருமுறைதான் எழும். குலை தள்ளிய வாழை மீண்டும் குலை தள்ளாதது போல, பூத்து முடிந்த விசிறியும் மீண்டும் பூப்பதில்லை. அதன் இரு பக்கங்களிலும் முளைக்கும் கன்றுகளே அடுத்து வரும் ஆண்டுகளில் பூக்கின்றன. ஆகவே பிரித்து நடும்போது தேர்ந்தெடுக்க வேண்டியது பக்கக்கன்றுகளையே. பூத்து ஓய்ந்த நடுக்கிழங்கை மட்டும் நட்டுவிட்டுப் பூவுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. அதிலிருந்து கன்று முளைத்து, அது வளர்ந்து, பிறகுதான் பூ.

வேர்களின் கதையும் இதனோடு சேர்ந்தது. பூத்து முடிந்தபின் பழைய வேர்கள் மெல்ல நலிகின்றன. புதிய வேர்கள் பக்கக்கன்றுகளின் அடியிலிருந்து புறப்படுகின்றன. பூத்து முடிந்து 4 முதல் 6 வாரங்கள் கழித்துச் செடியைப் பிரிக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு இதுவே அடிப்படை. அக்காலத்தில் நடப்படும் துண்டு, தான் விடவிருக்கும் புதிய வேர்களைப் புது மண்ணிலேயே விடுகிறது. நடும்போது அதனோடு வரும் பழைய வேர்கள் கிழங்கை மண்ணில் நிறுத்திவைக்க உதவுகின்றன. நீர் தேடும் வேலையைப் புதிய வேர்களே பெரிதும் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியில் செடி உயிர் வாழ்வது கிழங்கில் சேர்த்துவைத்த மாவுப்பொருளைக் கொண்டே. பெருவிரலை விடச் சிறிய கிழங்கில் சேமிப்பு குறைவு. அதனால் அது பூக்கும் பருவத்தை அடைய இரண்டு ஆண்டுகள் ஆனாலும் வியப்பில்லை. அஞ்சலில் வேர் உலர்ந்து வந்து சேரும் கிழங்குகளுக்கும் இது பொருந்தும். கிழங்கு உறுதியாக இருக்கும் வரை, வேர்கள் காய்ந்து சரடு போல் இருப்பது பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இயல்பான தயக்கமும் உண்மையான குன்றலும்

நட்ட இரண்டு மூன்று வாரங்களில் விசிறியின் நடுவே ஒரு புதிய இலை பச்சையாகத் தலைகாட்டினால் செடி பச்சை பிடித்துவிட்டது எனலாம். வெளிப்புற இலைகள் மஞ்சளித்துக் காய்வது அப்போது இயல்பானது. முதல் வசந்தத்தில் பூக்காமல் இருப்பதும், பூத்தாலும் குட்டையான தண்டில் ஓரிரு பூக்களோடு நின்றுவிடுவதும் இயல்பே. உயரத்தை அளவுகோலாகக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். கிழங்கின் பக்கங்களில் கன்று முளைத்திருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். குட்டையாக நின்றாலும் இரண்டு மூன்று கன்றுகளோடு இருக்கும் செடி நலமான செடி. உயரமாக, ஆனால் ஒரு கன்றும் இன்றி ஒல்லியாக நிற்பதே ஐயத்துக்குரியது.

ஐயம் தோன்றினால் தோண்டாமலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். இலைவிசிறியை அடியில் பிடித்து மிக மெதுவாக மேலே இழுத்துப் பார்ப்பது ஒன்று. எதிர்ப்பு தெரிந்தால் வேர் இறங்கியிருக்கிறது. கிழங்கை விரலால் அழுத்திப் பார்ப்பது மற்றொன்று. உருளைக்கிழங்கு போல் கெட்டியாக இருந்தால் பொறுத்திருக்கலாம். அழுத்தும்போது அமுங்கினாலோ, துர்நாற்றம் வீசினாலோ அன்றே வேலையில் இறங்க வேண்டும்.

நடவு ஆழம்

குன்றலுக்கான காரணங்களில் மிகப் பொதுவானது ஆழமான நடவு. மஞ்சள் விதைக்கிழங்கை மண்ணுக்குள் புதைத்து மூடுவது போல ஐரிஸ் கிழங்கை மூடக் கூடாது. கிழங்கின் முதுகு மண்மட்டத்திலோ, அதற்குச் சற்றே கீழோ இருக்க வேண்டும். வெயில் கடுமையான இடங்களில் முதுகின்மேல் 2 செ.மீ. அளவு மண் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். நடவுக்குழியின் நடுவில் சிறு வரப்பு போல் மண்ணைக் குவித்து, கிழங்கை அதன்மேல் வைத்து, வேர்களை இருபுறமும் கால் பரப்பியது போல் இறக்கி, வேர்களின் மேல் மட்டும் மண்ணை இறுக்குவது நல்ல முறை.

ஆழத்தில் புதைந்த கிழங்கு வெயில் காணாமல் ஈரத்தில் கிடக்கிறது. இலைகள் மெலிந்து நீள்கின்றன, கன்று முளைப்பதும் பூப்பதும் தடைப்படுகின்றன, இறுதியில் அழுகல் தொற்றுகிறது. சரியாக நட்ட செடியும் பிறகு புதைந்துபோகக் கூடும். மழையில் மேட்டிலிருந்து மண் சரிந்து வரலாம். களை முளைக்காதிருக்கப் பரப்பிய மரப்பட்டை, சருகு போன்ற மூடாக்கு கிழங்கின்மேல் ஏறலாம். மூடாக்கு பல செடிகளுக்கு நன்மை தருவது. தாடி ஐரிஸ் பாத்தியில் அதைக் கிழங்கிலிருந்து விலக்கிவைக்க வேண்டும்.

இவ்வளவு மேலோட்டமான நடவு சிலருக்கு நம்பிக்கை தருவதில்லை. ஆனால் ஐரிஸ்கள் காலங்காலமாக வாழ்ந்துவரும் இடங்களைப் பார்த்தால் ஐயம் தீரும். காஷ்மீரில் கல்லறை மேடுகளின்மீது ஐரிஸ் நடும் வழக்கம் உண்டு. யாரும் நீர் ஊற்றாத அம்மேடுகளில் அவை செழித்துப் பூக்கின்றன. ஐரிஸ் டெக்டோரம் என்ற இனம் ஜப்பானில் கூரைவேய்ந்த வீடுகளின் முகட்டில், கைப்பிடி ஆழ மண்ணில் வளர்க்கப்பட்டது. டெக்டோரம் என்ற லத்தீன் சொல்லுக்கே கூரைகளுக்கு உரியது என்று பொருள். அரேபியாவையும் ஏமனையும் தாயகமாகக் கொண்ட வெள்ளைநிற ஐரிஸ் அல்பிகன்ஸ் விதை பிடிக்காத செடி. கல்லறைகளில் நடுவதற்காக மக்கள் கையோடு எடுத்துச்சென்ற கிழங்குகள் வழியாகவே அது மத்தியதரைக்கடல் நாடுகள் எங்கும் பரவியது. இடமாற்றம் என்பது இச்செடிக்குப் புதிதல்ல.

ஆழமாக நட்டுவிட்ட செடியை மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. கிழங்கின் முதுகு தெரியும் வரை மேல்மண்ணைக் கையால் ஒதுக்கிவிட்டால் போதும். இது சில நிமிட வேலை. குன்றிய பாத்திகளில் முதலில் செய்து பார்க்க வேண்டியதும் இதுவே.

காலம், வெயில், நீர், உரம்

வட அரைக்கோளத்தில் தாடி ஐரிஸ் நடவுக்கு ஏற்றது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலம். உறைபனி தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரங்கள் முன்னதாக நடவு முடிந்திருக்க வேண்டும். தாமதித்து நட்டால் வேர் இறங்கும் முன்பே மண் உறைகிறது. இரவில் உறைந்து பகலில் இளகும் மண் விரிந்து சுருங்கும்போது, பிடிப்பற்ற கிழங்கு மேலே உந்தித் தள்ளப்படும். வசந்தத்தில் பாத்தியில் கிழங்குகள் வேர் அந்தரத்தில் தெரியக் கிடப்பதற்கு இதுவே காரணம். அவற்றை மண்ணுக்குள் அழுத்தினால் இருக்கும் ஓரிரு வேர்களும் அறுந்துபோகும். சுற்றிலும் மண்ணோ மணலோ அணைத்து வேர்களை மூடுவதே முறை.

நடும்போது இலைகளை 15 செ.மீ. அளவுக்குக் கத்தரிப்பது வழக்கம். வேரில்லாத காலத்தில் இலை வழியாக நீர் ஆவியாவது இதனால் குறைகிறது. காற்றில் செடி ஆடி வேர்ப்பிடிப்பு தளர்வதும் குறைகிறது. சிலர் இதைப் பார்த்துவிட்டு, வேரூன்றி நிற்கும் செடிகளின் இலைகளையும் ஆண்டுதோறும் கோடையில் விசிறி வடிவில் வெட்டுகிறார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்கலாம். செடிக்கு அது இழப்பு. கிழங்குக்கு உணவு தயாரித்துத் தருவது அந்தப் பச்சை இலைகளே.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மரநிழலில் நட்டால் நிழலோடு மரவேரின் போட்டியும் சேர்ந்துகொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த மருத்துவமும் பலன் தராது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நட்ட அன்று நன்றாக நீர் விட வேண்டும். அதன்பின் மேல்மண் 5 செ.மீ. ஆழம் வரை உலர்ந்தபோது மட்டும் விட்டால் போதும். வேர் பிடித்தபின், கோடை மிகக் கடுமையாக இல்லாத இடங்களில், மழையே போதுமானது. இன்றைய உயரமான தாடி ஐரிஸ் கலப்பினங்களின் மூதாதையர் தெற்கு ஐரோப்பாவையும் அண்மைக் கிழக்கையும் சேர்ந்தவை. ஈரமான குளிர்காலமும் வறண்ட கோடையும் அவற்றின் பிறப்பிட வழக்கம். தினமும் தானாகத் தூவும் புல்வெளிக் குழாய்க்கு அருகே நட்ட ஐரிஸ் நலிவதற்கு அந்த மரபே காரணம். களிமண் நிலத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைப்பது, மணலையோ உரத்தையோ கலப்பதை விட நிச்சயமான வழி.

உரத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை கொழுத்துக் கிழங்கு இளகும். இளகிய கிழங்கை அழுகல் எளிதில் தாக்கும். தழைச்சத்து குறைவாகவும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடுதலாகவும் உள்ள, 5-10-10 போன்ற கலவை பொருத்தமானது. அதையும் கிழங்கின்மேல் கொட்டாமல் சுற்றிலும் இட வேண்டும். மக்காத சாணம் கூடவே கூடாது. மண்ணின் கார அமிலத்தன்மை 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது.

அழுகலும் துளைப்பானும்

கிழங்கு அமுங்கித் துர்நாற்றம் வீசினால் அது பாக்டீரியா மென்னழுகல். பெக்டோபாக்டீரியம் என்று இன்று அழைக்கப்படும், முன்னர் எர்வினியா எனப்பட்ட பாக்டீரியா இதற்குக் காரணம். காயம் வழியாகவே அது உள்ளே நுழைகிறது. பிரிக்கும்போது கத்தி பட்ட இடம் ஆறுவதற்குள் ஈரமண்ணில் நடுவது அதற்குக் கதவைத் திறந்துவைப்பதாகும். வெட்டிய துண்டுகளை நிழலில் ஓரிரு நாள் ஆறவிட்டு, வெட்டுவாய் உலர்ந்தபின் நடுவது இதைத் தடுக்கும்.

தொற்றிய கிழங்கை முழுதாக வீசிவிட வேண்டியதில்லை. தோண்டியெடுத்து, அழுகிய பகுதியைப் பழைய கரண்டியால் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும் வரை சுரண்ட வேண்டும். ஒரு பங்கு சலவை பிளீச்சிங் திரவத்தை ஒன்பது பங்கு நீரில் கலந்து அதில் கழுவி, வெயிலில் உலர்த்தி, வேறிடத்தில் நடலாம். கரண்டியையும் கத்தியையும் ஒவ்வொரு செடிக்குப் பின்னும் அதே நீரில் கழுவ மறப்பவர்கள் நோயைத் தாங்களே பாத்தி முழுவதும் கொண்டுசெல்கிறார்கள்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் இந்த அழுகலுக்கு முன்னோடியாக வருவது ஐரிஸ் துளைப்பான். மாக்ரோநாக்டுவா ஒனுஸ்டா என்னும் அந்துப்பூச்சியின் புழு அது. இலையுதிர் காலத்தில் காய்ந்த இலைகளில் இடப்படும் முட்டைகள் வசந்தத்தில் பொரிகின்றன. ஊசி முனை அளவுள்ள புழு இலைக்குள் புகுந்து, உள்ளேயே தின்றுகொண்டு கீழிறங்கி, கோடையின் நடுவில் கிழங்கை அடைகிறது. அதற்குள் சுண்டுவிரல் பருமனுக்கு வளர்ந்து கிழங்கைக் குடைந்துவிடும். குடைந்த வழியில் பாக்டீரியா நுழைகிறது. பிரித்து நடும் பருவமும் புழு கிழங்கில் இருக்கும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், கவனிக்காமல் நட்டால் புழுவும் சேர்ந்தே புது இடத்துக்குப் போகிறது. சிறு துளையுள்ள கிழங்கைப் பிளந்து பார்ப்பது அவசியம். முட்டை பழைய இலைகளில் இருப்பதால், முதல் கடும் உறைபனிக்குப் பின் காய்ந்த இலைகளை முழுவதும் அகற்றி எரிப்பதே எளிதான கட்டுப்பாடு. வசந்தத்தில் இலையில் நீர் ஊறியது போன்ற கோடு தெரிந்தால், அந்த இடத்தை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் உள்ளிருக்கும் புழு சாகும்.

இலைகளின் அடி காய்ந்து, மண்மட்டத்தில் வெண்ணிறப் பூசணமும் கடுகு போன்ற பழுப்பு மணிகளும் தெரிந்தால் அது கழுத்தழுகல். இதன் காரணியான ஸ்கிளீரோசியம் ரோல்ஃப்சி தமிழ்நாட்டு நிலக்கடலை உழவர்களுக்கும் தெரிந்த பூசணமே. கடலையில் தண்டழுகலை உண்டாக்குவது இதுதான். கடுகு மணிகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் சுற்றியுள்ள மேல்மண்ணையும் சேர்த்து அகற்ற வேண்டும்.

இலைகளில் வெளிர்மஞ்சள் கோடுகளும் திட்டுகளும் தோன்றி, எல்லா நிலைமைகளும் சரியாக இருந்தும் செடி ஆண்டுதோறும் குறுகிக்கொண்டே வந்தால் நச்சுயிரித் தேமல் நோய் என ஐயுறலாம். அசுவினிகள் இதைப் பரப்புகின்றன. மருந்து கிடையாது. விலை கொடுத்து வாங்கிய அரிய வகையாக இருந்தாலும் பிடுங்கி அழிப்பதே மற்ற செடிகளைக் காக்கும் வழி.

தாடியில்லாத வகைகள்

மேற்சொன்ன விதிகளை எல்லா ஐரிஸ்களுக்கும் பொருத்தினால் வேறு விதமான சேதம் நேரும். சைபீரிய ஐரிஸும் ஜப்பானிய ஐரிஸும் ஈரம் விரும்பும் செடிகள். இவற்றின் வேர் ஒருமுறை உலர்ந்தாலே வளர்ச்சி நின்றுவிடும். பிரித்த துண்டுகளை நடும் வரை ஈரச்சாக்கில் சுற்றியோ நீரில் வைத்தோ காக்க வேண்டும். நட்டபின் முதல் பருவம் முழுவதும் மண் உலரக் கூடாது. ஓரிரு விசிறிகள் மட்டுமுள்ள சிறு துண்டாகப் பிரித்த சைபீரிய ஐரிஸ் நெடுநாள் முடங்கிக் கிடக்கும். மூன்று நான்கு விசிறிகள் சேர்ந்த கொத்தாக நடுவது நல்லது.

ஜப்பானிய ஐரிஸ், அதாவது ஐரிஸ் என்சாட்டா, சுண்ணாம்புள்ள மண்ணில் மஞ்சளித்துக் குன்றும். அதற்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். எலும்புத்தூளும் சாம்பலும் ஆகாது. இதன் புதிய குருத்தும் வேரும் பழையவற்றுக்கு மேலே உருவாவதால் செடி ஆண்டுதோறும் மண்ணைவிட்டு மேலேறுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுத்து 5 செ.மீ. ஆழத்தில் மீண்டும் நட வேண்டும், அதுவும் பழைய இடத்தில் அல்ல. ஹிரோஷிகே தம் ஓவியத்தில் தீட்டிய ஹொரிகிரி தோட்டம் போன்ற இடங்களின் படங்களைப் பார்ப்பவர்கள் இதை நீர்த்தாவரம் என்று எண்ணிவிடுகிறார்கள். பூக்கும் பருவத்தில் அழகுக்காகப் பாத்தியில் நீர் தேக்குவது ஜப்பானிய வழக்கம். ஆண்டு முழுதும், அதிலும் குளிர்காலத்தில், நீரில் நின்றால் இச்செடியும் அழுகும்.

குமிழ்த்தண்டுள்ள சிறிய ஐரிஸ் ரெட்டிகுலேட்டாவின் சிக்கல் நேர்மாறானது. முதல் ஆண்டு அழகாகப் பூத்துவிட்டு, பூக்கும் அளவில்லாத பல சிறு குமிழ்களாகப் பிரிந்துவிடும். இதற்கு 10 செ.மீ. ஆழ நடவு உதவுகிறது.

மீண்டும் தோண்டலாமா

குன்றிய செடியைத் தோண்டி வேறிடத்தில் நட்டுப் பார்க்கும் ஆவல் பலருக்கும் எழுகிறது. ஒவ்வொரு முறை தோண்டும்போதும் புதிய வேர்கள் அறுந்து, செடி மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அழுகல் இருந்தால் உடனே தோண்ட வேண்டும். ஆழம், மூடாக்கு, நீர், உரம் ஆகியவை இருந்த இடத்திலேயே சரிசெய்யக் கூடியவை. நிழலும் வடிகால் இன்மையும் காரணமாக இருந்தால் அடுத்த கோடை நடவுப் பருவம் வரை பொறுத்து மாற்றுவது மேல். காரணம் எதுவும் புலப்படாமல், கிழங்கு கெட்டியாக இருந்தால், இரண்டாவது வசந்தம் முடியும் வரை செடியைத் தொடாமல் விடலாம்.

இத்தாலியின் தஸ்கனி பகுதியில் இந்தப் பொறுமை ஒரு தொழிலின் கணக்காகவே இருக்கிறது. அங்கே ஐரிஸ் பல்லிடா பூவுக்காக அன்றி, வாசனைப் பொருளாகும் கிழங்குக்காகப் பயிரிடப்படுகிறது. நட்ட செடி இரண்டு மூன்று ஆண்டுகள் கல் நிறைந்த சரிவுகளில் பெரும்பாலும் நீர்ப்பாய்ச்சல் இன்றி நிற்கும். கோடையில் தோண்டியெடுக்கும் கிழங்கைத் தோலுரித்து, உலர்த்தி, மேலும் சில ஆண்டுகள் இருப்பு வைக்கிறார்கள். மணம் தரும் இரோன் என்ற பொருள் அக்காலத்தில்தான் மெல்ல உருவாகிறது. தோண்டும்போதே இலைவிசிறியைச் சிறு கிழங்குத் துண்டோடு வெட்டிப் பிரித்து, அடுத்த விளைச்சலுக்காக மீண்டும் நட்டுவிடுகிறார்கள். அந்தத் துண்டு வேர்பிடிக்கத் தவறினால், அதன் இடத்தில் வேறொன்றை நட்டு மறுபடியும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.